பட்டறை மாறுனா தாளும் மாறணும்: பலகாரத் தொழிலுக்குப் புதுசா வர்றவங்களுக்கு தீ ஆபத்து மதிப்பீடு வழிகாட்டி

போன வருஷம் தீபாவளிக்கு 5 வாரம் இருக்கும்போது என் பட்டறையோட தீயணைப்பு உரிமத்தைப் புதுப்பிக்கக் குடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துருச்சு. பணம் கட்டாம இல்ல, தீயணைப்பான் வாங்கி வைக்காம இல்ல. பைல்ல இருந்த தீ ஆபத்து மதிப்பீட்டுத் தாள்ல அடுப்பு 3, ஆள் 8 பேர், பின்வாசல் எந்நேரமும் திறக்குற மாதிரி இருக்கும்னு எழுதியிருந்துச்சு. பார்வையிட வந்தவர் எண்ணிப் பாத்தா அடுப்பு 7, ஆள் 19, பின்வாசல் கதவுக்கு முன்னாடி பேக்கிங் அட்டைப்பெட்டி ஆளுயரத்துக்கு அடுக்கிக் கெடக்கு. "இந்தத் தாள் இந்தப் பட்டறைக்கு எழுதுனது இல்லம்மா, இப்ப இருக்கறத எழுதிக் கொண்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் அதிரசம் போடுற சட்டியில எண்ணெய் பத்திக்கிட்டு, வேலைக்குச் சேந்து 4 நாளே ஆன பொண்ணு குடத்துத் தண்ணியத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு. பக்கத்துல நின்ன அக்கா அது கையப் புடிச்சு நிறுத்திட்டு பெரிய தாம்பாளத்தப் போட்டு சட்டிய மூடி கேஸை அடைச்சாங்க. தண்ணி விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இன்னைக்கும் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் பொண்ணுக்கு யாருமே சொல்லிக்குடுக்கல, ஏன்னா எங்க தாள் 2021ல ஒருத்தர்கிட்ட காசு குடுத்து எழுதி வாங்குனது, அதுக்கப்பறம் பீரோவுல இருந்து அது வெளிய வரவே இல்ல.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டை வாடகைக்குப் புடிச்சு முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டைன்னு போட்டு வெளியூருக்கு அனுப்பலாம்னு நெறையப் பேரு இப்ப வர்றாங்க. உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். தங்கும் விடுதி நடத்துறவங்களுக்கும் தறி போட்டிருக்கவங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. எந்தச் சட்டம் உங்க மேல வருதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கங்க

இதுல ரொம்ப நாள் செலவழிக்க வேண்டாம், ஒரு காலைப் பொழுது போதும். தீயணைப்பு உரிமம் வேற, தீ ஆபத்து மதிப்பீடு வேற, இதை ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. உரிமம்ங்கிறது தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை குடுக்குறது, அதுல முடியிற தேதி போட்டிருக்கும். மதிப்பீடுங்கிறது உங்க பட்டறையில எங்க தீப்புடிக்கும், யாரு மாட்டுவாங்க, அதுக்கு என்ன பண்ணி வச்சிருக்கோம்னு நீங்களே எழுதி வச்சுக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்துட்டோம், அதுலயே எல்லாம் அடங்கிடும்னு நெனைக்கிறவங்க இருக்காங்க, அடங்காது.

1948ம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டத்துல கரண்டு மெஷின் வச்சு 10 பேரு, மெஷின் இல்லாம 20 பேரு வேலை பாத்தா அது தொழிற்சாலைன்னு இருந்துச்சு. அதோட 38வது பிரிவுலதான் தீ பத்தி வந்துச்சு, தப்பிச்சுப் போக வழி இருக்கணும், அணைக்கிற சாமான் இருக்கணும், வேலையாட்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும், பழக்கியிருக்கணும். அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல அந்த எண்ணிக்கையை மெஷின் வச்சா 20, இல்லாட்டி 40ன்னு ஏத்தியிருக்காங்க. ஆள் கம்மிதானே, நமக்கு வராதுன்னு விட்டுறாதீங்க, எண்ணெய்ச் சட்டிக்கு ஆள் கணக்கு தெரியாது. உங்க ஊருக்கு உண்டான தீயணைப்பு நிலையத்துக்கு நேராப் போயி எங்கிட்ட இன்ன இடம் இருக்கு, இத்தன அடுப்பு, இத்தன ஆளுன்னு சொல்லி என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வாங்க. இடைத்தரகர்கிட்டக் கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க.

2. வீட்டை நடந்து வரைபடம் போடுங்க

செட்டிநாட்டு வீட்டுக்குன்னு ஒரு நல்லதும் இருக்கு, ஒரு கெடுதலும் இருக்கு. நல்லது என்னன்னா வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும், முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுத்தி இருக்குற தாழ்வாரமும்), ரெண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டுன்னு நேர்கோட்டுல கதவுக்குப் பின்னாடி கதவா போகும், அதனால ரெண்டு பக்கமும் வெளிய போக வழி தானாவே அமைஞ்சிருக்கு. வேற ஊர்ல இந்த வசதிக்கு செவுத்தை இடிச்சாத்தான் உண்டு. கெடுதல் என்னன்னா அந்தப் பின்வாசலைத்தான் எல்லாரும் மொதல்ல அடைப்போம், நான் அட்டைப்பெட்டியால அடைச்சேன், எனக்குத் தெரிஞ்ச இன்னொரு அக்கா விறகால அடைச்சிருந்தாங்க, இன்னொரு எடத்துல பூட்டுப் போட்டு சாவி சென்னையில வீட்டுக்காரங்ககிட்ட இருந்துச்சு.

ஏ4 தாளை நாலு ஒட்டிக்கங்க, டேப் எடுத்துக்கங்க, இன்னொரு ஆளக் கூட்டிக்கிட்டு முகப்புல இருந்து பின்வாசல் வரைக்கும் நடங்க. கதவு எத்தனை, எந்தப் பக்கம் திறக்குது, நிலைப்படி எவ்வளவு உயரம் (எங்க வீட்டுல ரெண்டாங்கட்டு நிலைப்படி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரும், பொகையில ஓடுறவங்க தடுக்கி விழத்தான் செய்வாங்க, அதுல மஞ்சள் பெயிண்ட் கோடு இழுத்தோம், சுண்ணாம்பு செவுத்தையும் தேக்கு மரத்தையும் தொடாம கீழ தரையோரமா), அடுப்பு எங்க, சிலிண்டர் எங்க, மெயின் சுவிட்ச் எங்க, எண்ணெய் டின் எங்க, அட்டைப்பெட்டி எங்க எல்லாத்தையும் குறிங்க. பழைய தேக்குக் கதவு உள்பக்கமாத்தான் திறக்கும், அதை மாத்த வீட்டுக்காரங்க சம்மதிக்க மாட்டாங்க, மாத்தவும் மனசு வராது. அதுக்கு வழி, வேலை நடக்குற நேரம் பூரா அந்தக் கதவு விரியத் தெறந்து கொக்கி மாட்டியிருக்கணும், யாரு காலையில தெறக்குறதுன்னு ஒரு ஆள் பேரு போட்டிருக்கணும். எங்ககிட்ட அது கணக்குப் பாக்குற அண்ணன்.

பூட்டுன அறைகள் பத்தித் தனியாச் சொல்லணும். வளவைச் சுத்தி இருக்குற அறையெல்லாம் பங்காளிக்கு ஒண்ணுன்னு பிரிஞ்சிருக்கும், ஒருத்தரு சிங்கப்பூர், ஒருத்தரு மலேசியா, ஒருத்தரு சென்னை, ஆளுக்கொரு பூட்டு. நமக்கு வாடகைக்கு விட்டது வளவும் பின்கட்டும்தான். ஆனா அந்த அறைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம நீங்க மதிப்பீடு எழுதவே முடியாது. எங்க வீட்டுல 6 அறை பூட்டியிருந்துச்சு, நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, வாட்ஸப்புல கெஞ்சி, கோயில் திருவிழாவுக்கு வந்தவங்க வழியா 4 அறையத் தெறந்து பாத்தோம். ஒண்ணுல பஞ்சு மெத்தை மேல கூரை வரைக்கும், ஒண்ணுல பழைய கணக்குப் புத்தகமும் ஒரு டின் மண்ணெண்ணெயும். அந்த அறைச் செவுத்துக்கு இந்தப் பக்கம் எங்க ரெண்டாவது அடுப்பு. மண்ணெண்ணெயை அவங்க அனுமதியோட அன்னைக்கே வெளியேத்துனோம், அடுப்பை நகத்துனோம். தெறக்காத 2 அறையை தாள்ல "பார்க்கப்படவில்லை"ன்னு தேதி போட்டு எழுதுனோம், அப்படி எழுதுறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, எழுதாம விடுறதுதான் தப்பு.

இந்த வேலைக்கு 2 நாள், பூட்டுன அறைக்கு மட்டும் 5 வாரம் ஆச்சு. அதனால அந்தப் போன்களை மொதல் நாளே ஆரம்பிச்சிருங்க.

3. எங்க தீப்புடிக்கும்: கேஸ், எண்ணெய், வயரிங்

கேஸ்ல முக்கியமான கணக்கு 100 கிலோ. 2016ம் வருஷ கேஸ் சிலிண்டர் விதிப்படி எல்பிஜி, அதாவது சமையல் கேஸ், 100 கிலோ வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம். கமர்ஷியல் சிலிண்டர் 19 கிலோ, அஞ்சு சிலிண்டர்னா 95 கிலோ, ஆறாவது வந்தா 114 கிலோ ஆயிரும். போன சீசன்ல தட்டுப்பாடு வரும்னு பயந்து நான் 8 சிலிண்டர் இறக்கி வச்சிருந்தேன், 152 கிலோ, எனக்கு அப்ப இந்தக் கணக்கே தெரியாது. இப்ப ஏஜென்சிக்காரர்கிட்டப் பேசி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வண்டி வர்ற மாதிரி வச்சுக்கிட்டேன். வீட்டு உபயோகத்துக்கு வர்ற 14.2 கிலோ சிலிண்டரை பட்டறையில வைக்கவே வைக்காதீங்க, அது சட்டப்படி தப்பு, இன்சூரன்ஸும் கேள்வி கேக்கும்.

எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா தரையோட போயி பள்ளத்துல தேங்கும். நம்ம வளவுல நடுவுல முற்றம் பள்ளமாத்தானே இருக்கு, வேல முடிஞ்சு சாயங்காலம் அங்கதான் வெளக்கேத்துவோம். அதனால சிலிண்டரை முற்றத்தை ஒட்டி வைக்காதீங்க. காத்தோட்டமா வெளிப்பக்கம், நிமித்தி, வெயில் படாம, பக்கத்துல சாக்கடை வாய் இல்லாம வைங்க. எங்களுது பின்கட்டுக்கு வெளிய கம்பி வலைக் கூண்டு. ரப்பர் ஹோஸ்ல தேதி அச்சடிச்சிருக்கும், 5 வருஷத்துக்கு மேல ஓட்டாதீங்க, வெடிப்புத் தெரிஞ்சா அன்னைக்கே மாத்துங்க. சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில ஏ, பி, சி, டி எழுத்தும் வருஷமும் இருக்கும். 'ஏ'ன்னு இருந்தா ஜனவரியில இருந்து மார்ச், 'பி'ன்னு இருந்தா ஏப்ரல்ல இருந்து ஜூன், அப்படியே மூணு மூணு மாசம். பி-27னு இருந்தா 2027 ஜூனுக்குள்ள அந்த சிலிண்டரை சோதிக்கணும்னு அர்த்தம். தேதி தாண்டுனதை வாங்காம திருப்பி அனுப்புங்க. கசிவு வாடை வந்தா சுவிட்ச் எதையும் தொடக்கூடாது, போடவும் கூடாது அமத்தவும் கூடாது, வால்வை மூடிக் கதவைத் தெறந்துட்டு வெளிய போயி 1906க்குப் போன் பண்ணணும். அது எல்பிஜி அவசர நம்பர், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

எண்ணெய்க்கு வருவோம். ரீபைண்ட் கடலெண்ணெய் 230 டிகிரி பக்கம் பொகைய ஆரம்பிக்கும், செக்கு எண்ணெய் அதுக்கு ரொம்ப முன்னாடியே பொகையும், அதுக்கு மேல சூடு ஏறிக்கிட்டே போனா நெருப்பு படாமலே தானாப் பத்திக்கும். பொகை வந்தா அது எச்சரிக்கைன்னு எல்லாருக்கும் தெரியணும், கேஸைக் கொறைக்க ஒருத்தர்கிட்டக் கேக்க வேண்டாம். எரியிற எண்ணெய்ல தண்ணி ஊத்துனா தண்ணி அடியில போயி ஆவியாகும், ஆவி தண்ணியைப் போல 1700 மடங்கு எடம் புடிக்கும், அந்த வேகத்துல எரியிற எண்ணெய் மேல கூரை வரைக்கும் எகிறும், மேல இருக்குறது பர்மா தேக்கு. அதனால ஒவ்வொரு அடுப்புக்கும் பக்கத்துல சட்டிய முழுசா மூடுற அளவுக்கு ஒரு இரும்பு மூடி தொங்கணும், தண்ணிக் குடம் அடுப்புக் கட்டுல இருக்கக் கூடாது. சட்டியில பாதிக்கு மேல எண்ணெய் வேண்டாம். கேஸ் அடைக்கிற வால்வு சட்டிக்கு அந்தாண்ட இருந்தா எரியும்போது அதுக்கு மேல கைய நீட்டித்தான் அடைக்கணும், அதை ஆள் நிக்கிற பக்கம் மாத்துங்க, எங்களுக்கு 7 அடுப்புக்கும் சேத்து ஒரே நாள் வேலை. எக்ஸாஸ்ட் பேன் கூண்டுல புடிக்கிற பிசுக்கும் எண்ணெய்தான், அதை 15 நாளைக்கு ஒருக்கா வழிச்சு எடுங்க.

வயரிங் பழைய வீட்டுல மரப் பட்டிக்குள்ள ஓடும், அது அந்தக் காலத்து ரெண்டு பல்புக்கும் ஒரு பேனுக்கும் போட்டது. அதுல கிரைண்டர், மாவு மெஷின், பாக்கெட் ஒட்டுற மெஷின் எல்லாத்தையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியா மாட்டுனா வயர் சூடேறி மரத்துக்குள்ளயே கருகும், வெளிய தெரியாது. லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெகர்ங்கிற சோதனைக் கருவி வச்சு வயரோட இன்சுலேஷன் பாக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கங்க, பட்டறை லோடுக்குத் தனி லைன் இழுங்க, கரண்டு கசிஞ்சா தானா அமத்துற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் போடுங்க. சுவிட்ச் போர்டுல படியிற அரிசி மாவுத் தூசியும் எரியிற சாமான்தான், மெயினை அமத்திட்டு வாரம் ஒருக்கா தொடைங்க.

4. யாரெல்லாம் மாட்டுவாங்க

தாள்ல "19 தொழிலாளர்கள்"னு மட்டும் எழுதுனா பத்தாது. எங்க பேக்கிங்ல ஒரு தங்கச்சிக்கு காது கேக்காது, மணி அடிச்சா அதுக்குத் தெரியாது, அதனால அவ பக்கத்துல உக்கார்ற ஆள் தொட்டுக் கூட்டிட்டுப் போகணும்னு பேரு போட்டு எழுதியிருக்கோம். ஒடிசாவுல இருந்து வந்த 3 பசங்களுக்கு தமிழ் வாசிக்கத் தெரியாது, அவங்களுக்காக போர்டுல படம். மாவு இடிக்கிற ஆச்சிக்கு 68 வயசு, நிலைப்படி ஏறி இறங்க நேரமாகும், அவங்க இடத்தை பின்வாசல் பக்கம் மாத்துனோம்.

தீபாவளி நேரத்துல ராத்திரி வேலை பாத்துட்டு மாடியில படுத்துத் தூங்குறது எல்லா எடத்துலயும் நடக்கும். செட்டிநாட்டு வீட்டு மாடிப்படி ஒண்ணே ஒண்ணு, குறுகலா, மரத்துல இருக்கும். அடுப்புக் கட்டுக்கு மேல ஆளைத் தூங்க விடாதீங்க, இதுல நான் கொஞ்சமும் விட்டுக்குடுக்க மாட்டேன். தெருவுல பக்கத்து வீட்டை எடுத்தேன், மாசம் 4,000 ரூபாய்.

5. தீயணைப்பான்: ஸ்டிக்கரை நம்பாதீங்க

ஐஎஸ் 2190ங்கிற இந்தியத் தரவிதியில எங்க வைக்கிறது, எப்பப் பாக்குறதுன்னு இருக்கு. நின்ன எடத்துல இருந்து 15 மீட்டர் நடைக்குள்ள ஒண்ணு கைக்குக் கெடைக்கணும். மாசம் ஒருக்கா நீங்களே பாக்கணும், வருஷம் ஒருக்கா வேலை தெரிஞ்ச ஆள் சர்வீஸ் பண்ணணும், பவுடர் உள்ளதுக்கு 3 வருஷத்துக்கு ஒருக்காவும் கார்பன் டை ஆக்சைடுக்கு 5 வருஷத்துக்கு ஒருக்காவும் அழுத்தச் சோதனை.

எண்ணெய்ச் சட்டிக்கு ஏபிசி பவுடர்னு கடையில குடுக்குற சாதாரண தீயணைப்பான் மட்டும் போதாது. பவுடர் தீயை அமத்தும், எண்ணெயை ஆத்தாது, திரும்பப் பத்திக்கும். அதுக்கு வெட் கெமிக்கல்னு கேளுங்க, எண்ணெய்த் தீக்குன்னே உள்ள திரவத் தீயணைப்பான் அது, கே டைப்னும் எஃப் கிளாஸ்னும் சொல்லுவாங்க. கரண்டு போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு. பேக்கிங், அட்டைப்பெட்டிப் பக்கம் ஏபிசி.

ஏமாந்த கதை ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருஷமா ஒருத்தர் வந்து ரீபில் பண்ணிட்டேன்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டு, ஒரு உருளைக்கு 700 ரூபாய் வாங்கிட்டுப் போனாரு. பலகாரம் நிறுக்கிற தராசுல தூக்கி வச்சுப் பாக்கணும்னு எனக்கு அப்பறமாத்தான் தோணுச்சு, உருளை மேலயே நிரப்பின எடை எவ்வளவுன்னு எழுதியிருக்கும்ல, ஒண்ணு 2 கிலோ கம்மி. முள்ளு பச்சையிலதான் நின்னுச்சு, அது அழுத்தத்தை மட்டும்தான் காட்டும், உள்ள பவுடர் எவ்வளவுன்னு காட்டாது. இப்ப சர்வீஸ் முடிஞ்ச அன்னைக்கே சர்வீஸ் பண்றவர் முன்னாடியே எடை போட்டு எழுதுறோம். உருளையில இருக்குற நம்பர், பில்லுல இருக்குற நம்பர், தாள்ல இருக்குற நம்பர் மூணும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கங்க.

6. தாளை எழுதுறது

காசு குடுத்து எழுதி வாங்கலாம், எங்கிட்ட 12,000 ரூபாய் கேட்டாங்க, தப்புன்னு சொல்லல. ஆனா எழுதுறவர் கூட நீங்க நடக்கணும், அவரு கம்ப்யூட்டர்ல வச்சிருக்குற தாள்ல பேரு மட்டும் மாத்திக் குடுத்தா வாங்காதீங்க. எங்க 2021 தாள்ல "லிஃப்டைப் பயன்படுத்தாதீர்"னு ஒரு வரி இருந்துச்சு, எங்க வீட்டுல லிஃப்ட் எங்க இருக்கு. இந்தத் தடவை நானே எழுதுனேன், ஒரு ஞாயித்துக்கிழமை பூரா ஆச்சு.

ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு வரிசை. எடம், என்ன ஆபத்து, யாருக்கு, இப்ப என்ன பாதுகாப்பு இருக்கு, இன்னும் என்ன செய்யணும், யாரு செய்வாங்க, எந்தத் தேதிக்குள்ள, முடிஞ்ச தேதி. எங்க தாள்ல ஒரு வரிசை இப்படி இருக்கும்: "அடுப்படிக் கட்டு, 4ம் அடுப்பு. எண்ணெய் அதிகச் சூடாகிப் பத்துதல். அடுப்புல நிக்கிற 2 பேர், பின்னாடி மாவு பிசையிற 3 பேர். மூடி இருக்கு, வெட் கெமிக்கல் 6 மீட்டர்ல இருக்கு. வால்வை முன்பக்கம் மாத்தணும். கேஸ் பிட்டர், 10ந் தேதிக்குள்ள." எழுதுனதைப் படிச்சா அந்த எடத்துக்கு போகாதவருக்கும் கண்ணு முன்னாடி தெரியணும். "போதுமான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது"ங்கிற மாதிரி ஒரு வரிகூட எழுதாதீங்க.

கடைசி ரெண்டு கட்டத்தைத்தான் பார்வையிட வர்றவங்க மொதல்ல பாக்குறாங்க. யாரு, எப்ப முடிச்சாங்க.

7. எப்பெல்லாம் மாத்தணும்

என்னைச் சுத்தல்ல விட்டதே இதுதான். வருஷம் ஒருக்காப் பாத்தாப் போதும்னு நெனச்சேன். வருஷத்துக்கு ஒருக்கா முழுசா எழுதணும், அது சரி, ஆனா நடுவுல பட்டறை மாறுன அன்னைக்கே அந்த வரிசை மாறணும். புது அடுப்பு வந்தா, அடுப்பு நகந்தா, சிலிண்டர் எண்ணிக்கை கூடுனா, மெஷின் வந்தா, அட்டைப்பெட்டி வைக்கிற எடம் மாறுனா, ராத்திரி ஷிப்ட் போட்டா, கர்ப்பமா இருக்குற பொண்ணோ கால் அடிபட்டவரோ வேலையில இருந்தா, பூட்டுன அறை ஒண்ணு தெறந்தா, வீட்டுக்காரங்க மராமத்துப் பண்ணி சாரம் கட்டுனா, பக்கத்து வீட்டுல பந்தல் போட்டு பின்தெருவை மறிச்சா, சின்னதா பத்திக்கிட்டு அணைச்சா, தீயே வராம வெறும் கருகுன வாடை வந்தாக்கூட. கார்த்திகைக்கு வீடு பூரா அகல் ஏத்துவோம்ல, அந்த ராத்திரிக்குன்னு ஒரு வரிசை தனியா வச்சிருக்கோம், அடுப்பு அமத்தி சிலிண்டர் வால்வு மூடுன பெறகுதான் வெளக்கு, பேக்கிங் பக்கம் வெளக்கு கெடையாது.

இதெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியாது. நாங்க பண்ணது, அடுப்படிக் கட்டு வாசல்ல ஆணியில ஒரு 40 பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்க விட்டோம். எது மாறுனாலும் யாரு வேணா தேதி போட்டு ஒரு வரி எழுதலாம், எழுதத் தெரியாதவங்க சொன்னா பக்கத்துல இருக்கவங்க எழுதுவாங்க. மாசம் பொறந்தா 1ந் தேதி காலையில டீ குடிச்ச பெறகு நானும் கணக்கு அண்ணனும் நோட்டையும் தாளையும் வச்சுக்கிட்டு பின்வாசல் வரைக்கும் நடப்போம், 20 நிமிஷம், முள்ளு பாக்குறது, ஹோஸ் பாக்குறது, கதவுக் கொக்கி பாக்குறது. மாறுனதை தாள்ல ஏத்தி, பதிப்பு நம்பரும் தேதியும் போட்டு, கையெழுத்துப் போட்டுருவோம். பழைய தாளைக் கிழிச்சுப் போடாதீங்க, குறுக்கக் கோடு போட்டு பின்னாடி செருகி வைங்க, இத்தன நாளா கவனிச்சுக்கிட்டு வந்திருக்கோம்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

இன்சூரன்ஸ் இருந்தா அங்கயும் எழுதிக் குடுக்கணும். 5 கோடி வரைக்கும் சொத்து உள்ள சின்ன தொழிலுக்கு 2021 ஏப்ரல் 1ல இருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு ஒரு தீ பாலிசி இருக்கு, நான் எடுத்திருக்கறது அதுதான். பாலிசி எடுக்கும்போது 3 அடுப்புன்னு சொல்லிட்டு 7 வச்சிருந்தா நாளைக்கு நட்டஈடு கேக்கும்போது பிரச்சினை. கடிதமாக் குடுத்து முத்திரை வாங்கிக்கங்க, போன்ல சொன்னதெல்லாம் நிக்காது.

8. பைல்ல என்ன இருக்கணும்

வாடகை ஒப்பந்தம், அதுல வீட்டுக்காரங்க இந்தத் தொழில் நடத்தச் சம்மதம்னு ஒரு வரி. பங்காளிகள் நெறைய இருந்தா ஒருத்தர் கையெழுத்து போதாதுன்னு திருப்பிருவாங்க, பவர் ஆப் அட்டர்னி யாருகிட்ட இருக்குன்னு ஒப்பந்தம் போடும்போதே கேட்டு நகல் வாங்கிருங்க. எனக்கு இந்த ஒரு பேப்பருக்கு 23 நாள். அப்பறம் வரைபடம், மதிப்பீட்டுத் தாள், தீயணைப்பான் பில்லும் சோதனைச் சான்றும், எலக்ட்ரீஷியன் குடுத்த ரிப்போர்ட், கேஸ் இணைப்புப் பேப்பர், பயிற்சி குடுத்த தேதியும் கலந்துக்கிட்டவங்க கையெழுத்தும், ஒத்திகை எழுதுன தாள், பழைய உரிமம். போட்டோ எடுத்து வைங்க, தேதி தெரியிற மாதிரி.

9. ஒத்திகை

6 மாசத்துக்கு ஒருக்கா பண்ணுங்க, ஒண்ணு கண்டிப்பா தீபாவளி சீசனுக்கு ஆள் எடுத்த பெறகு, ஏன்னா புது ஆளுக்குத்தான் வழி தெரியாது. எங்க மொத ஒத்திகையில எல்லாரும் முகப்பு வாசலுக்குத்தான் ஓடுனாங்க, அடுப்படியில இருந்து பின்வாசல் 12 அடிதான், அதை விட்டுட்டு முழு வீட்டையும் தாண்டி ஓடுனாங்க, தெனமும் வர்ற வழி அதுதானே. 4 நிமிஷம் 10 செகண்டு. அடுத்த வாரத்துல இருந்து அடுப்புக் கட்டு ஆளுங்க எல்லாரும் வேலை முடிஞ்சு பின்வாசல் வழியாத்தான் வீட்டுக்குப் போகணும்னு வச்சேன். ரெண்டாவது ஒத்திகையில 1 நிமிஷம் 50 செகண்டு. இதுக்கு ஒரு பைசா செலவில்ல.

பின்தெருவுல எங்க கூடுறதுன்னு எடம் சொல்லி வைங்க, வருகைப் பதிவேட்டைத் தூக்கிட்டு வர்ற ஆள் யாருன்னு சொல்லி வைங்க, தலை எண்ணாம யாரும் உள்ள திரும்பக் கூடாது. 101க்கு போன் பண்றது யாருன்னு ரெண்டு பேரு பேரு எழுதுங்க, 112லயும் கூப்பிடலாம். ரெண்டு தெருவுலயும் வாசல் இருக்கறதால எந்தத் தெருப் பக்கம் வண்டி வரணும்னு போன்லயே சொல்லணும், எங்க பின்தெருவுல பெரிய வண்டி திரும்பாது. தீயணைப்பான் புடிக்கிறதை வெளித் தெருவுல ஒரு பழைய உருளையை வச்சு ஒவ்வொருத்தரையும் அழுத்தச் சொல்லுங்க: பின்னை இழு, தீயோட அடியைப் பாத்துக் குறி வை, அழுத்து, அங்கிட்டும் இங்கிட்டும் வீசு. காதுல கேட்டது மறந்துரும், கையில அழுத்துனது மறக்காது.

10. செலவும் நாளும்

என் பில்லை வச்சுச் சொல்றேன், உங்களுக்குக் கூடக் கொறைய வரும். 6 கிலோ ஏபிசி 3, ஒண்ணு 2,800 ரூபாய். வெட் கெமிக்கல் 6 லிட்டர் 2, ஒண்ணு 7,500. கார்பன் டை ஆக்சைடு 1, 5,200. தனி லைன், ஆர்சிசிபி, மெகர் சோதனை எல்லாம் சேத்து 18,000. வால்வு மாத்துனது, ஹோஸ் மாத்துனது 6,400. சிலிண்டர் கூண்டு 9,000. இருட்டுல ஒளிர்ற போர்டு 10, ஒவ்வொண்ணும் 120. இரும்பு மூடி 7, இரும்புப் பட்டறையில வெட்டி வாங்குனது, மொத்தம் 2,100. கூட்டிப் பாத்தா 65,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அதுக்கப்பறம் வருஷத்துக்கு 8,000 ஆகுது. சீசன்ல 9 நாள் அடுப்பு பத்த வைக்காம ஆர்டர் திருப்பிக் குடுத்தேன் பாருங்க, அந்த நட்டம் இதை விட அதிகம்.

உரிமம் முடியிற தேதிக்கு 60 நாள் முன்னாடி ஆரம்பிங்க. மொத வாரம் வீட்டுக்காரங்க பேப்பரும் பூட்டுன அறையும், ரெண்டாவது வாரம் நடந்து வரைபடம், மூணாவது வாரம் எலக்ட்ரீஷியனும் தீயணைப்பான் சர்வீஸும், நாலாவது வாரம் தாள், அஞ்சாவது வாரம் ஒத்திகை, அதுக்கப்பறம் விண்ணப்பம். உரிமத் தேதி தீபாவளியை ஒட்டி வந்தா ஆடி மாசத்துலயே தொடங்கிருங்க, ஆவணி பொறந்துட்டா கல்யாண ஆர்டர்ல யாருக்கும் நேரம் இருக்காது.

தாளும் வரைபடமும் மூணு நகல் எடுங்க. ஒண்ணு பட்டறையில, ஒண்ணு உங்க போன்ல, ஒண்ணு எதுத்தாப்புல இருக்குற கடையிலயோ பக்கத்து வீட்டுலயோ. பட்டறை எரியும்போது உள்ள பீரோவுல இருக்குற வரைபடம் தீயணைக்க வர்றவங்களுக்கு உதவாது. எங்களுது எதுத்த வீட்டு ஆச்சி அவங்க முகப்புல காலண்டருக்குப் பின்னாடி மாட்டி வச்சிருக்காங்க, மாசம் 1ந் தேதி புதுத் தாளைக் குடுத்து பழசை வாங்கிட்டு வருவேன்.